மகாராணிக்கு நெஞ்சுவலி

“அக்கா, நெஞ்சைப் பிசையற மாதிரி வலிக்குது” என்றபடி சின்னவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள்.

“மகாராணிக்கு நெஞ்சுவலியாம். எல்லாரும் ஓடி வாங்க” என்றாள் மூத்தவள். இருவரும் அந்த வீட்டு மருமகள்கள்.

மாமியார் ஓடித்தான் வந்தார். “என்ன கண்ணு, என்ன பண்ணுது?” என்று சின்னவளை மடியில் சாய்த்துக்கொண்டார்.

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. அவள் பல்வலியில் துடித்தபோது, ‘உப்புத் தண்ணியில் கொப்புளி’ என்று அடுத்த அறையிலிருந்து குரல் மட்டும்தான் வந்தது. ‘கண்ணு’ எல்லாம் வரவில்லை.

பிள்ளை பெற்று இரண்டு மாதம்கூட ஆகாத உடம்பு என்று பதறி, மாமியார் டாக்சி பிடித்தார். பை தூக்க மூத்தவள். முன் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகச் சின்னவளின் முகத்தையே முறைத்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஈசிஜி தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“சின்ன வயசு. சுகர் இல்லை, பிரஷர் இல்லை. ஈசிஜியும் சரியா இருக்கு. வெறும் கேஸ்தான். கூடவே தூக்கமும் இல்லை. வீட்டுக்குப் போகலாம்.”

மாமியாருக்கு மூச்சு வந்தது. “சரியாயிடும் அத்தை” என்று சின்னவளும் மெல்ல எழுந்தாள்.

‘நடிப்பு’ என்று குத்திக்காட்ட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் மூத்தவள் பையை மடியில் இறுக்கியபடி அசையாமல் இருந்தாள்.

“இவ வலின்னு சொன்னா அது வலிதான் டாக்டர். இன்னொரு தடவை பாருங்க.”

டாக்டர் சலித்துக்கொண்டார். மானத்தை வாங்காதே என்று மாமியார் அவள் கையைக் கிள்ளினார். அவள் எழுந்திருக்கவில்லை. தொல்லை தாங்காமல் ரத்தம் எடுத்தார்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். இதயத் தசை அடிபட்டிருப்பது அதில் தெரிந்தது. உடனே ஆஞ்சியோ.

திரும்பி வந்த டாக்டரின் குரல் இறங்கியிருந்தது.

“கொழுப்பு அடைப்பு இல்லைம்மா. இதயத்துக்குப் போற ரத்தக்குழாயோட உள்சுவர் தானாவே கிழிஞ்சிருக்கு. பிரசவமான பொண்ணுங்களுக்கு அபூர்வமா இப்படி வரும். இங்கேயே வெச்சு மருந்து கொடுத்துக் கவனிச்சா ஆறிடும். நான் சொன்னதைக் கேட்டு வீட்டுக்குப் போயிருந்தா…”

மாமியார் மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“இவ மேல உனக்கு இவ்வளவு பாசமா? எனக்குத் தெரியாமப் போச்சே கண்ணு.”

“பாசமா?” என்றாள் மூத்தவள். “இவ எப்போ பொய் சொல்லுவா, எப்போ நடிப்பான்னு, வந்த நாள்லேருந்து கண்கொத்திப் பாம்பாப் பார்த்துட்டு இருக்கேன் அத்தை. ஒரு தடவைகூட மாட்டலை.”