நூற்றுக்கு நூறு மோசடி

வாசல் மணி அலறியது. மகள் பெயருக்கு வந்த கடிதத்தை அம்மாதான் வாங்கினாள். மகளின் முகம் வெளுத்தது. அது காதலன் அனுப்பியது.

"யாரு எழுதியிருக்கா? படி!" என்றார் அப்பா, முகமெல்லாம் சவர நுரையோடு. மோசடிக் கடிதங்களைக் கண்டுபிடிக்கும் தபால் அதிகாரி அவர்.

அம்மா உள்ளே போய், மூக்குக்கண்ணாடியோடு திரும்பி வந்து படித்தாள்.

"உன் வாழ்க்கையே மாறப்போகிறது. யாரிடமும் சொல்லாதே. உடனே பதில் போடு. இப்படிக்கு, உன் நலம்விரும்பி."

"பேர் இல்ல, ஊர் இல்ல. அவசரப்படுத்துறான், ரகசியம்ங்கிறான். நூத்துக்கு நூறு ஃபிராடு! இவனை நம்பி எவளாவது போவாளா?"

"நான் வந்தேனேங்க! இது கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க எனக்கு எழுதினது, உள்ளே பீரோவுல இருந்து எடுத்துட்டு வந்தேன். இவளுக்கு வந்ததுல பையன் பேரு, விலாசம், அவங்கப்பா கையெழுத்துகூட இருக்கு."