சோளமாவு கலந்த பாயசம்

காஜா பேராங் தெருவிலுள்ள வீட்டுச் சமையலறையில் பிற்பகல் வெயில் தகரக் கூரையைக் காய்ச்சுகிறது. மெர்டேகா சுதந்திர நாளுக்கென்று வைத்த அரிசிப் பாயசத்தைத் தனபாக்கியம் வாயில் வைத்ததுமே, உள்ளே ஒளிந்திருக்கும் சோளமாவின் வழவழப்பை நாக்கு கண்டுகொள்கிறது. ஒவ்வொரு தானியமாகச் சாப்பிடாமல் விட்டுப் பார்த்து, சோளம்தான் தன் உடம்புக்கு ஆகாது என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். மாமியார் மரகதமோ அதை வேலைக்கள்ளியின் நடிப்பு என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு, இன்று பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரைச் சாட்சிக்கு உட்காரவைத்திருக்கிறாள். "பாத்தீங்களா, ஜாகோங் மாவு கலந்துதான் குடுத்தேன். மகாராணிக்கு ஒண்ணும் ஆவல" என்கிறாள். தனபாக்கியம் கடைசிச் சொட்டுவரை வழித்துக் குடிக்கிறாள். கழுத்தில் சிவந்த தடிப்புகள் ஏறுகின்றன, உதடு வீங்குகிறது. பெண்கள் பதறி எழுகிறார்கள். மரகதம் பித்தளைக் கரண்டியோடு ஓரடி பின்வாங்குகிறாள். அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தனபாக்கியம் கிண்ணத்தை நீட்டுகிறாள். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, அத்தை."