மூன்றாவது ட்ரிப்ஸ்

ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜாஸ்மின், யோகேஸ்வரியின் கையிலிருந்த ட்ரிப்ஸ் ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தியபோது, அவள் கண் விழித்தாள்.

பாலகணேஷ் குனிந்து மனைவியின் நெற்றியைத் துடைத்தான்.

மூன்று வருடமாக அவளுக்கு எல்லாமே அவன்தான். குளிப்பாட்டுவான், தலைவாரிப் பின்னிவிடுவான், சோற்றைப் பிசைந்து ஊட்டுவான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் தெருப் பெண்கள் புருஷன்மாரைத் திட்டும்போது அவன் பேரைச் சொல்லித்தான் திட்டுவார்கள்.

மனச்சோர்வுக்குக் கொடுத்த எந்த மாத்திரையும் அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பவில்லை. கடைசியில்தான் டாக்டர், வாரம் ஒரு ட்ரிப்ஸாகக் கெட்டமின் என்ற மயக்க மருந்தை ஏற்றிப் பார்க்கலாம் என்றார். மருந்து ஏறியபின் கொஞ்ச நேரம் பேச்சு முன்னே பின்னே இருக்கும், பயப்படாதீர்கள் என்றும் சொல்லியிருந்தார்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம், ஏற்றிய மறுநாள் காலையில் அவளே எழுந்து பல் தேய்த்தாள். சாத்தியே கிடந்த ஜன்னலைத் திறந்தாள்.

இது மூன்றாவது.

ஜாஸ்மின் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். யோகேஸ்வரி தலையைத் திருப்பினாள். வெகுகாலத்துக்குப் பிறகு அவள் பார்வை அவன் முகத்தில் வந்து நின்றது.

"என் பெட்டிய எங்க வச்சிருக்கீக? அண்ணன வரச் சொல்லுங்க. நான் போறேன்."

ஒரு சொல்கூடக் குழறவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு, துணிமணியை அந்தப் பெட்டியில் அடுக்கி வைத்துக்கொண்டு, அண்ணனுக்காக வாசலில் உட்கார்ந்திருந்தாள். பாலகணேஷ் அடித்ததில் இடது காதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அண்ணன் வருமுன் அவளை உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைப் பூட்டினான். வந்தவரிடம், சமாதானமாகிவிட்டோம் என்று சிரித்துப் பேசி அனுப்பிவைத்தான். நாலு நாள் கழித்துக் கதவைத் திறந்தபோது அவள் பேச்சை விட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவன் அவளை அடித்ததே இல்லை. அவசியம் வரவில்லை.

பாலகணேஷ் போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டான். எட்டிப் பார்த்து ஜாஸ்மினைக் கூப்பிட்டான்.

"என்னென்னமோ உளறுதாம்மா. இது அவளுக்கு ஒத்துக்கலை. இனிமே வேண்டாம்னு டாக்டர்ட்ட சொல்லிருதேன்."

சொல்லும்போது அவன் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. ஜாஸ்மினுக்குப் பாவமாக இருந்தது.

யோகேஸ்வரி போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். "நான் உளறலை."

ஜாஸ்மின் அவள் தோளைப் பிடித்து, மெல்லப் படுக்கவைத்தாள்.

"செத்த நேரம் கண்ண மூடுங்கக்கா. எல்லாம் சரியாப் போயிரும்."