ஆளுக்கு ஓர் அடி

முதல் அடி மாதப்பனின் முதுகில் விழுந்தது. இரண்டாவது கெம்பம்மாவுக்கு.

கமிட்டித் தலைவர் ராவ் பகதூர் திருநாராயணாச்சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரிகைப் பேட்டாத் தலைப்பாகை அசையத் தலையாட்டினார். அடிக்கும் அடிக்கும் நடுவே சரியாகப் பத்து விநாடி.

மைசூரில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில், மேதாவிப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கும் பரீட்சை, தர நிர்ணயத்தோடு நடந்துகொண்டிருந்தது.

கண்டபடி பரீட்சை வைத்தால் கண்டவனெல்லாம் மேதாவியாகிவிடுவான் என்பது தலைவரின் கவலை. அதனால் சீமையிலிருந்து விதிகள் வரவழைத்திருந்தார். மொத்தம் நூற்றுப்பத்து. தமிழ்ப் பிள்ளைகளுக்காக அவற்றைத் தமிழாக்கியவர் இஸ்ரவேல் வாத்தியார். போன வருஷம் அகராதியும் கையுமாக உட்கார்ந்து ஒப்பேற்றியதுதான். அச்சாகி, முத்திரையோடு திரும்பி வந்தபோது அவரே பயபக்தியோடு படித்தார்.

நான்காம் விதி சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. 'ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமலிருக்க, பிள்ளைகளைப் பெஞ்சில் உட்காரவைத்து ஆளுக்கு ஓர் அடி கொடுக்கவும். கூடவோ குறையவோ கூடாது.'

பள்ளிக்கூடத்தில் அடி கொடுக்கச் சொன்னால் யாரும் காரணம் கேட்பதில்லை.

விதிகளோடு அதே பார்சலில் ஒரு மரக்கோலும் வந்திருந்தது. எல்லா ஊருக்கும் ஒரே நீளம், ஒரே கனம். அடிப்பதிலும் வெள்ளைக்காரன் ஒழுங்கைப் பாருங்கள் என்று தலைவர் உருகிப்போனார்.

எட்டாவது முதுகில் சத்தம் கம்மியாகக் கேட்டது. தரம் இறங்குகிறது என்று தலைவர் எழுந்துவிட்டார். வாத்தியார் தோளை உதறிக்கொண்டு ஓங்கினார்.

ஒன்பதாவது பிள்ளை முன்னால் சரிந்து, மேசை விளிம்பில் உதட்டைக் கிழித்துக்கொண்டது. ரத்தம் தாளில் சொட்டியது. வேறு தாள் கொடுத்தார்கள். தாள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அதற்கும் ஒரு விதி இருந்தது.

பதினோராவது நாச்சம்மாள். ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த லிங்கம்மாவின் மகள். தேறினால் சர்க்கார் விடுதியில் சோறும் படிப்பும். தேறாவிட்டால் திங்கட்கிழமை முதல் அம்மாவோடு கொதிநீரில் கைவிட்டுப் பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்க வேண்டும். லிங்கம்மாவின் விரல்களில் பாதிக்கு நகம் கிடையாது.

அடியை வாங்கிக்கொண்டாள். அழவில்லை. சுவரைப் படித்தாள். வாத்தியார் கையிலிருந்த கோலைப் பார்த்தாள். பக்கத்துப் பிள்ளையோடு இடித்துக்கொண்டிருந்த தன் தோளைப் பார்த்தாள்.

"ஏனுங் வாத்தியாரய்யா, ஓரடின்னா அந்தக் கோல் நீளத்துக்கு எடம் உடறதுங்களா?"

வாத்தியாரின் கை அந்தரத்தில் நின்றது.

கோலின் ஓரத்தில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை அங்குலக் கணக்கு போட்டிருந்தது. இத்தனை நேரமும் அது அவர் கைக்குள்ளேதான் இருந்தது. தாம் பெயர்த்த இங்கிலீஷ் வரியும் இப்போது வரிசை பிசகாமல் ஞாபகம் வந்தது. ஒப்புக்கொண்டால் பதினோரு முதுகுக்கும் ஓர் உதட்டுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று தலைவர் கேட்டார்.

"அதிகப்பிரசங்கி," என்றார் வாத்தியார். ஓங்கி இன்னொன்று வைத்தார்.

கோல் முறிந்தது.

தலைவர் பேனாவைத் திறந்தார். இரண்டு அடி. கூடவோ குறையவோ கூடாது. நாச்சம்மாளின் பெயர்மேல் கோடு விழுந்தது.

அவள் எழுந்தாள். தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி, வாத்தியாரின் மேசைமேல் முனையோடு முனை பொருத்தி வைத்தாள். ஏழும் ஐந்தும். பிறகு வெளியே போனாள்.

மிச்சப் பிள்ளைகளுக்கு அதே நீளத்தில் மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தார்கள்.

பரீட்சை சகல விதிகளுக்கும் உட்பட்டு நடந்ததாகவும், அன்று மேதாவி யாரும் அகப்படவில்லை என்றும் தலைவர் அறிக்கை எழுதினார். குறை என்று ஒன்றே ஒன்றைத்தான் குறிப்பிட்டிருந்தார்.

சீமையிலிருந்து வந்த அடிக்கோல் தரமானதல்ல.