துக்க வீட்டுக்கு ஒரு வாழ்த்து

டிசம்பர் வந்தால் எங்கள் குடியிருப்பில் யாரும் தவறான வாழ்த்தைச் சொல்வதில்லை. எதிரே வருபவரைப் பார்த்ததுமே நம் காதில் ஒட்டியிருக்கும் ‘பொட்டு’ என்ற குட்டிக் கருவி சொல்லிவிடும்: இவருக்குக் கிறிஸ்துமஸ், இவருக்குப் புத்தாண்டு, இவருக்குப் பொங்கல்வரை பொறுங்கள்.

ஏப்ரலில் என் மனைவி வான்மதி இறந்தாள். பண்டிகைக் காலம் தொடங்கியதும் என்னைக் கண்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். லிஃப்டில் பக்கத்தில் நின்றவரின் காதிலிருந்து ஒருநாள் மெல்லிய குரல் கேட்டது. "துக்க வீடு. ஒரு வருடம் வாழ்த்த வேண்டாம்." அவர் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். யாராவது தவறுதலாகவாவது ஒரு வாழ்த்துச் சொல்லமாட்டார்களா என்றிருந்தது.

கிறிஸ்துமஸ் காலையில் எதிர்வீட்டு பெல்சிட்டா அக்கா கதவைத் தட்டினார். கையில் தட்டு நிறைய அச்சுமுறுக்கு.

"ஹேப்பி கிறிஸ்துமஸ், தம்பி!"

நான் அவர் காதைப் பார்த்தேன். அக்கா சட்டென்று காதைத் தடவிப் பார்த்தார். வெறும் காது.

"ஐயையோ! உங்களுக்குச் சொல்லக் கூடாதுல்லா? அந்தச் சனியன் மாவுக்குள்ள விழுந்துட்டு, தம்பி. முறுக்கோட சேந்து பொரிஞ்சிருக்கும்."

"இந்தத் தட்டுலயா?"

"கடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

சிரித்துவிட்டேன். சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

"சொன்னதைத் திருப்பி எடுத்துக்கவா?"

"வேண்டாம்க்கா." என் காதிலிருந்த பொட்டைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டேன். "ஹேப்பி கிறிஸ்துமஸ். பொங்கலுக்கும் வந்து சொல்லுங்க."

"அதுக்குள்ள புதுப் பொட்டு வாங்கிருவேனே."

"வாங்காதீங்க."