சனிக்கிழமை மிக்ஸி

சனிக்கிழமை நாலு மணிக்கு மகள் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேச உட்கார்ந்தால் போதும், சமையலறையில் அம்மா மிக்ஸியை ஓட விட்டுவிடுவாள்.

மறுமுனையில் மனநல மருத்துவர். வேலைக்குச் சேர்ந்த மகள், வீட்டுக்குத் தெரியாமல் தானே தேடிக்கொண்ட வைத்தியம். மருத்துவர் கேட்கிற கேள்வியில் பாதி மிக்ஸியோடு அரைபட்டுப் போய்விடும்.

ஐந்தாவது வாரம் அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு நிமிஷம் டாக்டர்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் பாய்ந்தாள்.

"சரியா இந்த நேரத்துல அப்படி என்னதாம்மா அரைக்கிறே?"

கேட்டபடியே மிக்ஸியை நிறுத்தி, மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

அம்மா திருதிருவென்று விழித்தாள். "முதல் வாரம் நீ 'தூக்கமே வரல டாக்டர்'னு அழுதது ஹால் வரைக்கும் கேட்டுச்சு. அப்பா அங்கதான் பேப்பர் படிச்சிட்டிருந்தார். அவர் காதுல விழுந்தா பயந்து ஊரையே கூட்டிடுவாரேன்னு ஓடி வந்து இதைப் போட்டேன். சத்தியமா, அதுக்கப்புறம் நீ பேசின ஒரு வார்த்தைகூட எனக்குக் கேக்கல."

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிச்சது போதும், டாக்டரைக் காக்க வைக்காதே. மனசுல இருக்கிறதையெல்லாம் நல்லா வாய்விட்டுப் பேசு" என்ற அம்மா, மிக்ஸியின் வேகக் குமிழைப் பிடித்தாள். "நான் மூணாம் நம்பர்ல வைக்கிறேன்."