இன்றே நீக்கம்

"லிசா மிஸ்ஸை இன்னியோட நிறுத்திடலாம் சார்" என்றார் ஹெச்.எம். வேம்பு மேடம், ஏதோ ஓடாத ஃபேனைக் கழற்றச் சொல்வதுபோல.

லிசா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். காதில் விழுந்தது மனசுக்குள் இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மந்தைவெளியில் உள்ள அந்தத் தனியார் பள்ளியின் தாளாளர் பஞ்சாட்சரத்துக்கே தூக்கிவாரிப் போட்டது. வருஷ நடுவில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஆளுக்கு எங்கே போவது என்று கேட்டார். மேடம் குற்றங்களை அடுக்கினார். காலையில் தாமதமாக வந்தாள். வகுப்பில் போனை எடுத்துப் பேசினாள். மனசு பள்ளிக்கூடத்திலேயே இல்லை.

எல்லாம் உண்மைதான். ஆனால் ஏன் என்று மேடத்துக்குத் தெரியுமே.

அரசுப் பள்ளி வேலைக்கு லிசா தேர்வாகியிருந்தாள். நாளைக் காலை சான்றிதழ் சரிபார்ப்பு. அசலைக் காட்டினால்தான் வேலை. அவளுடைய அசலெல்லாம் இந்த ஆபீஸ் பீரோவில் பூட்டிக் கிடந்தன. சேரும்போதே வாங்கி வைத்துக்கொள்வது இங்கே வழக்கம். நடுவில் யாரும் கழன்றுகொள்ளக் கூடாதே. வேலையை விட்டுவிடுகிறேன் என்றாலும் ஒப்பந்தப்படி மே மாதக் கடைசியில்தான் கைக்கு வரும்.

போன வருஷம் ஒரு மிஸ், ஒரே ஒரு நாளைக்குக் கொடுங்கள் என்று தாளாளரிடம் கேட்டுப் பார்த்தார். அன்றிலிருந்து பீரோ சாவி தாளாளர் சட்டைப்பைக்குப் போய்விட்டது. அதனால் லிசா அவரிடம் வாயே திறக்கவில்லை. நேற்று மதியம் மேடத்திடம் மட்டும் போய் அத்தனையும் சொல்லிக் கெஞ்சினாள்.

மேடம் ஒப்பந்தத்தை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்.

"படிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க? ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தான். க்ளாஸுக்குப் போங்க."

ஸ்டாஃப் ரூமில் இதைக் கேட்ட ஜமீலுன்னிசா மிஸ், "பேரே வேம்பு. அதுங்கிட்டப் போய் சர்க்கரை கேட்டியாக்கும்" என்று சொல்லித் தன் டிபனில் பாதியை அவள் பக்கம் தள்ளினார்.

கசப்போடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இருக்கிற வேலைக்கும் வேட்டு வைப்பானேன்? அரசு வேலை விஷயத்தையும் இப்போது போட்டு உடைத்துவிடுவாரோ? லிசா ஓரடி முன்னால் வந்தாள்.

"மேடம், எனக்கு ரெண்டு வயசுக் குழந்தை இருக்கு. அவருக்கும் இப்ப வேலையில்ல." அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

மேடம் அவள் பக்கம் திரும்பவேயில்லை.

பஞ்சாட்சரம் மழுப்பினார். ஒரு மெமோ கொடுத்துப் பார்க்கலாம், இந்த வருஷம் ஓடட்டும் என்றார். இவளை விட்டால் நாளைக்கு இன்னொருத்தி தாமதமாக வருவாள், அப்புறம் பள்ளிக்கூடத்தை நீங்களே நடத்திக்கொள்ளுங்கள் என்று மேடம் நாற்காலியை விட்டு எழுந்தார். அது வேலை செய்தது.

"உக்காருங்க மேடம். ஒழுங்கீனம்னு போட்டு நீக்கிடலாம்" என்று தாளாளர் பேனாவைத் திறந்தார்.

அந்த ஒரு வார்த்தை ஏறிவிட்டால் அரசு வேலை என்ன, ஒரு டியூஷன் சென்டரில்கூட லிசாவைச் சேர்க்க மாட்டார்கள்.

"அப்படிப் போடாதீங்க சார்" என்று மேடம் தடுத்தார். "ஒழுங்கீனம்னா விசாரணை வைக்கணும், சாட்சி கேப்பாங்க. இவங்க கோர்ட்டுக்குப் போனா நீங்கதான் அலையணும். காரணம் சொல்லாமலே நிர்வாகம் நிறுத்தலாம்னு ஒரு விதி இருக்கே, அதைப் போடுங்க. பேச்சுக்கே இடமில்ல."

கோர்ட் என்றதும் பஞ்சாட்சரம் மளமளவென்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். சட்டைப்பையிலிருந்து பீரோ சாவியை எடுத்து மேடத்திடம் நீட்டினார்.

"அந்தம்மா சர்ட்டிபிகேட்டெல்லாம் இப்பவே குடுத்துடுங்க. நிறுத்தினவங்க எதையாவது சாக்கு சொல்லிக்கினு மறுபடி ஸ்கூல் கேட்டாண்ட வந்து நிக்கக் கூடாது. அதுக்கும் ஒரு விதி இருக்கு, நானே சொல்லி எழுதவெச்சது."

மேடம் பீரோவைத் திறந்து ஒரு கவரை எடுத்தார். உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து லிசாவின் கையில் வைத்தார். அப்போதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

லிசா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வராந்தாவுக்கு வந்தாள். வீட்டில் என்ன சொல்வது என்றுதான் மனசு ஓடியது. நாலடி நடந்த பிறகுதான் கையில் கனப்பது என்னவென்று பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

பின்னால் செருப்புச் சத்தம். வேம்பு மேடம். அவர் கையில் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகமும் சாக்பீஸும்.

"நீயா விலகினாத்தான் மே மாசம்" என்றார் மேடம், குரலைத் தாழ்த்தி. "நாங்க விலக்கினா அன்னிக்கே."

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம். உயிரே போயிடுச்சு எனக்கு."

"சொல்லியிருந்தா உனக்கு அழுகை வந்திருக்காது, அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும்" என்ற வேம்பு மேடம், லிசாவின் வகுப்புக்குப் பாடம் எடுக்க மாடிப்படி ஏறினார்.